முதல் கடையிலேயே பில்

கேள்வி: அரசு காப்பீட்டில் ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டாக வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். கர்ப்பப்பையை எடுக்க மட்டும் முதல் கடையிலேயே பில் போட்டுவிடுகிறோம்!

2008-ல் வந்த ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா என்ற அரசு காப்பீட்டுத் திட்டத்தில், ஸ்மார்ட் கார்டு மூலம் குடும்பத்துக்கு வருடம் 30,000 ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைத்தது. அந்த ஸ்மார்ட் கார்டை நம்பி சத்தீஸ்கரில் தேவையே இல்லாமல் கர்ப்பப்பைகளை எடுத்துவிட்டார்கள் என்று 2012-ல் பெரும் புகார் கிளம்பியது. இடுப்பு வலி என்று போனவரிடம் ‘விட்டால் கேன்சர்’ என்றால் போதுமே. கார்டில் பணம், வயிற்றில் பயம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் அமல்படுத்துங்கள் என்று 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது.

ஜெர்மனியில் கர்ப்பப்பை, டான்சில், மூட்டு மாற்று போன்றவற்றுக்கு இன்னொரு டாக்டரைக் கேட்பது நோயாளியின் உரிமை. செலவு காப்பீட்டின் தலையில். எனக்குப் பிடித்த ஷரத்து: ஆபரேஷன் நடக்கப்போகும் மருத்துவமனையிலேயே அந்தக் கருத்தை வாங்கக் கூடாது. பங்காளியிடமே பஞ்சாயத்தா?

குடல்வால் வெடிக்கப்போகிறவரை நீங்கள் கேட்கும் சட்டத்தில் சேர்க்காதீர்கள். மற்றவர்களுக்கு, இன்னொரு டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போய்வரும் பஸ் காசையும் அன்றைய கூலியையும் திட்டமே கொடுத்தால் கட்டாயமாக்கலாம். அதுவரை வார்டில் இலவசமாகக் கிடைப்பது பக்கத்து பெட் பாட்டியின் கருத்துதான். அவரோ, ‘எடுத்துடு தாயி, தொல்லை விட்டுச்சு’ என்கிறார்.