ஓடாவியின் மென்பொருள்

இராவணன் புஷ்பக விமானத்தை அண்ணன் குபேரனிடம் பறித்துக்கொண்டான். அதனால் வரைபடம் கீறும் தொல்லை அவனுக்கு இருக்கவில்லை. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் பறிக்கக்கூடியது ஒரு பழைய ஸ்கூட்டர்தான்.

கோணேசர் மலையில் 'இராவணன் வெட்டு' என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்தவன் நான். மும்பையில் அமோல் யாதவ் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டி, 2017இல் அதைப் பதிவும் செய்தார் என்று வாசித்த அன்று எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடி எங்களிடமும் உண்டு. அதில் கருவாடு காய்கிறது.

"இஞ்சாருங்கோ, சத்தமாச் சொல்லாதேங்கோ. சீனன்குடாவில விமானப்படை இருக்கு. விசாரிக்க முதல்ல ஆர் வருவினம் எண்டு தெரியும்தானே?" என்றாள் மனைவி. ஆகவே சத்தம் வராத வேலையில் இறங்கினேன்: விமானம் கீற மென்பொருள் தெரிவு. ஏழு மாதம் போயிற்று.

பெரிய கம்பனி ஒன்றின் வருடச் சந்தாவைக் கேட்டேன். அந்தக் காசுக்கு வள்ளமும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்கலாம் போலிருந்தது. ஃபியூஷன் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஒரு நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தலாம். கோப்புக்கு ஒரு விலாவாகக் கீறும் எனக்கு ஒரு இறக்கைக்கே அது போதாது. நாசா 2012இல் திறந்துவிட்ட ஓப்பன்விஎஸ்பியில் பத்து நிமிடத்தில் விமானம் வந்துவிட்டது. ஆனால் அது உருவத்தைக் காட்டுமே தவிர, எந்த ஆணி எங்கே என்று சொல்லாது. கடைசியில் ஃபிரீகேட். 2002இல் தொடங்கி, 1.0 என்ற எண்ணைத் தொட அதற்கு 2024 ஆகியது. என் வேகத்துக்குத் தோதான சோடி.

ஒருநாள் மீன்வள்ளம் கட்டும் ஓடாவி ஐயா வந்தார். திரையில் இறக்கையின் வளைவு எனக்கு அடங்காமல் துள்ளிக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்த வளைவுக்கோ இவ்வளவு பாடு?"

பலகையில் நாலு ஆணி அடித்தார். மெல்லிய மரச்சிலாகை ஒன்றை அவற்றுக்கிடையே வளைத்துப் பென்சிலால் இழுத்தார். முடிந்தது.

பிறகுதான் அறிந்தேன்: கணினி வளைவுக்கு வழங்கும் 'ஸ்பிளைன்' என்ற பெயரே கப்பல் கட்டுவோரின் அந்தச் சிலாகையின் பெயர்தான். கணினி வருமுன் விமானத் தொழிற்சாலைகளும் கப்பல்துறையைப் பார்த்துத் தளத்தில் முழு அளவில் கீறியே விமானம் கட்டின.

ஆகவே என் தீர்ப்பு: உருவம் பார்க்க ஓப்பன்விஎஸ்பி, பாகங்கள் கீற ஃபிரீகேட், இரண்டுக்கும் காசில்லை. ஆனால் முதல் விலாவை ஓர் ஓடாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலகையில் கீறுங்கள். என்னுடைய முதல் விலா மொட்டைமாடியில் தயாராக இருக்கிறது. இப்போதைக்கு அதன்மேல் கருவாடு காய்கிறது.