மைக்கைத் தூரப் போடும், மருமகனே!

வாரும் மருமகனே, உக்காரும். ஆகாசவாணி நாகசுரத்தை நெட்டுல ஓடவிட்டு, ஸ்பீக்கர் பக்கத்துல செல்போனை வச்சு ரெக்கார்டு பண்ணியிருக்கீராம்லா. கேட்டேன், ஜோரா இருக்கு. நாகசுரம் இருக்கு, தவில் இருக்கு, நடுவுல மிக்சியும் வாசிக்குது. அதுக்கும் மேல, எம்மக உம்மைத் திட்டுறது சுருதி சுத்தமா விழுந்திருக்கு. வேணும்னுதான் பிடிச்சு வச்சீரோ, பின்னால ஆதாரம் காட்ட?

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன். நீரு பி.ஈ. படிச்சவரு. தப்பாச் சொன்னா திருத்தும்.

நெட்டுல வர்றது சத்தம் இல்லை வே. எம்பி3, ஏஏசின்னு சுருக்கிக் கட்டின வெறும் எண்ணு. அதைப் பிரிச்சுச் சத்தமாக்குறது உம்ம கம்ப்யூட்டரு. ஆக, பிடிக்கிறதுக்கு ரெண்டு இடம் உண்டு: பிரிக்கிறதுக்கு முன்னாடி, பிரிச்ச பெறவு. முன்னாடி பிடிச்சா, நிலையம் அனுப்பினது அச்சு அசலா உம்ம கையில. பெறவு பிடிச்சு மறுபடி எம்பி3 ஆக்குறது, டீயில ஊத்தின பாலைத் திரும்ப எடுத்துத் தயிருக்கு உறை ஊத்துற சோலி. ரெண்டாந்தடவை சுருக்கும்போது முதல்ல அடி வாங்குறது கைத்தாளம். கணீர்னு விழவேண்டியது சொரசொரங்கும்.

கணக்கும் கேளும். நொடிக்கு 128 கிலோபிட்ல வர்ற கச்சேரி, ஒரு மணி நேரத்துக்கு 58 எம்.பி.க்குள்ள அடங்கிரும். அதையே பிரிச்சு, சி.டி. தரத்துல வேவ் கோப்பா வச்சா 635 எம்.பி. இடம் பதினோரு மடங்கு. கமகம் ஒண்ணுகூடக் கூடாது.

முன்னாடி பிடிக்க வி.எல்.சி. போதும். எகோல் சென்ட்ரல் பாரிஸ் காலேஜ் பயலுவ 1996-ல தொடங்கினது. 2001-லருந்து மூல நிரலோட ஊருக்கே இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்'ல நிலையத்து முகவரியை ஒட்டும், ரெக்கார்டு பொத்தானை அமுக்கும். விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் அந்தச் சிவப்புப் பொத்தான் ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். 'வியூ' பட்டியல்ல 'அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்'னு இருக்கிறதைத் தட்டினா வெளிய வந்துரும். முகவரிக்கு எங்க போறதுன்னு முழிக்க வேண்டாம். குரோம்ல எஃப்12 அமுக்கி, 'நெட்வொர்க்' பக்கத்தைத் திறந்து, வானொலியை மறுபடி ஓடவிடும். எம்3யு8-னு ஒரு வரி வந்தா அதுதான்.

சில நிலையத்துக்காரங்க பூட்டி வச்சிருப்பாங்க. அப்பத்தான் ரெண்டாவது இடத்துக்குப் போகணும். அங்க ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு குணம். விண்டோஸா? ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டு மென்பொருள்ல 'விண்டோஸ் வாசாபி'யைத் தேர்ந்து, 'லூப்பேக்'னு போட்டிருக்கிற சாதனத்தை எடும். மைக்கே இல்லாம உள்ளுக்குள்ளயே பிடிச்சுக்கிடும். லினக்ஸா? ரெக்கார்டை ஓடவிட்டுட்டு, பாவுகன்ட்ரோல்ங்கிற சத்தக் கட்டுப்பாட்டுல ரெக்கார்டிங் பக்கம் போய், 'மானிட்டர்'னு இருக்கிறதைக் காட்டும். முடிஞ்சுது.

லட்ச ரூவாய்க்கு வாங்கின உம்ம மேக்புக்குதான் முறுக்கிக்கிட்டு நிக்கும். குயிக்டைம்ல ரெக்கார்டு அமுக்கினா அது பிடிக்கிறது மைக்கை; திரும்பவும் மிக்சி, திரும்பவும் எம்மக. பிளாக்ஹோல்னு ஒண்ணை இறக்கிப் போடணும். போட்டு, சத்தத்தை அதுக்குள்ள திருப்பிவிட்டா ரெக்கார்டு ஆகும்; உம்ம காதுல ஒண்ணும் விழாது. அப்புறம் 'ஆடியோ மிடி செட்டப்'புக்குப் போய், 'மல்டி அவுட்புட் டிவைஸ்'னு ஒண்ணை உண்டாக்கி, ஸ்பீக்கரையும் பிளாக்ஹோலையும் சேர்த்துக் கட்டணும். கட்டின பெறவு கீபோர்டுல வால்யூமைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கொடுத்த காசுக்கு இத்தனை வேலை கிடைக்குதே, லாபந்தான்.

இந்த ரெண்டாவது வழியில வாட்ஸ்அப் மணி அடிச்சா அதுவும் கச்சேரியில சேரும். அறிவிப்புகளை வாயடைச்சுட்டு உக்காரும். இன்னொண்ணு: நெட்டுல வர்றது ரேடியோவைவிட அரை நிமிஷம்கூடப் பிந்தும். சுவர்க்கடிகாரத்தை நம்பி நிறுத்தினா மங்களம் போயிரும். முன்ன ரெண்டு நிமிஷம், பின்ன ரெண்டு நிமிஷம் விட்டுப் பிடியும். பிடிக்கிறது குத்தமான்னு கேப்பீரு: 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 52-ம் பிரிவுல, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல இடம் கொடுக்கு. பிடிச்சதை யூடியூப்ல ஏத்தி 'என் சேனலு'ன்னு மார்தட்டுறதுக்குக் கொடுக்கலை.

விடிகால நிகழ்ச்சிக்காக நீரு எந்திரிக்கவும் வேண்டாம். பரண்ல கிடக்கிற பழைய லேப்டாப்பை இறக்கி லினக்ஸ் போடும். எஃப்எஃப்எம்பெக்ங்கிற மென்பொருளுக்கு ஒரே வரிதான்: முகவரி, எத்தனை நொடி, 'காப்பி', கோப்புக்கு ஒரு பேரு. க்ரான்ங்கிற லினக்ஸ் நேரக்காவலன்கிட்ட நேரம் குறிச்சு வச்சா அதுவாப் பிடிச்சு அதுவா நிறுத்தும். மூடியைச் சாத்தினாலும் தூங்கக் கூடாதுன்னு மட்டும் செட்டிங்ஸ்ல சொல்லி வையும்.

இதெல்லாம் மேக்லயும் ஆகுமேன்னு கேப்பீரு. ஆகும், ஆகும். ஆனா விலை கூடின பொருளு, ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தா அதோட உடம்பு என்னத்துக்கு ஆகும்? பழசு உழைக்கட்டும் வே. மேக்புக்கை இங்கன விட்டுட்டுப் போம். சும்மா கிடந்தாலும் பொருளு கெட்டுப்போகும். நான் தினமும் ரெண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டுப் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்.