வாசலில் ஒரு சந்தை

கேள்வி: அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களைப் பரப்பி விற்கிறார்களாமே! தனியாகப் போட்டால் நல்லதா, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போட்டாலா?

பதில்: சேர்ந்து போட்டால்தான் களை கட்டும். ஒரு வாசலில் நாலு நாற்காலி கிடந்தால் போகிறவர் காரை நிறுத்தமாட்டார். ஆறு வாசலில் கிடந்தால் நிறுத்தாமல் போக அவருக்கு மனம் வராது.

டென்னசி மாநிலத்து ஃபென்ட்ரஸ் கவுண்டியின் நிர்வாகி மைக் வாக்கருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. விரைவுச்சாலையில் பறந்துவிடும் பயணிகளைச் சிற்றூர்கள் வழியே இழுக்க, 1987-இல் 127-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இப்படியொரு கூட்டு வாசல் சந்தையைத் தொடங்கிவைத்தார். இன்று அது மிச்சிகனின் அடிசனில் ஆரம்பித்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை, ஆறு மாநிலங்களில் 690 மைல் நீள்கிறது! ஆகஸ்டின் முதல் வியாழனில் தொடங்கி நாலு நாள். பெரும்பகுதி சாதாரண வீட்டுக்காரர்களின் மேசைகள்தான். அண்டை வீட்டு நட்பு இவ்வளவு தூரம் போகும் என்பது மகிழ்ச்சியான சேதி.

நெதர்லாந்திலும் இப்படியொரு நாள் உண்டு: ஏப்ரல் 27, மன்னர் தினம். அன்று சிறுவர்கள்கூடத் தெருவில் துணி விரித்துத் தங்கள் பொம்மைகளை விற்கிறார்கள்.

கூட்டுக் கடையில் கணக்குதான் வம்பு. அதற்கும் எளிய வழி உண்டு: வீட்டுக்கு ஒரு நிறத்தில் விலைச்சீட்டு, பொதுவாக ஒரே கல்லாப்பெட்டி. விற்றதும் சீட்டைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிட்டால் சாயங்காலம் பங்கு பிரிக்கச் சண்டையில்லை. சில்லறை நிறைய வேண்டும். மிக்ஸியை ஓட்டிக்காட்ட ஒரு பிளக் பாயின்ட்டும் அவசியம். ஓடுகிற மிக்ஸியிடம் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை.