பந்தும் படகும்

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரிகள் கூட்டமைப்புக் கட்டிக் கூடைப்பந்து ஆடுகினமாம். எங்கட பக்கம் அப்படிப் பழைய மரபு உண்டா?
– மாணவி, நெடுந்தீவு

பதில்: இல்லாமலா, தங்கச்சி! அங்கே 'பிக் டென்' என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 1896இல் தொடங்கியது. இங்கே யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதுகின்றன. அதுதான் வடக்கின் பெருஞ்சமர். மார்ச் மாதம் பான்ட் முழங்க, கொடி பிடித்து ஆடும் கனடாவிலிருந்து வரும் பழைய மாணவருக்கு நரையும் கறுத்துவிடும்!

உங்களுக்கோ சமர் கடலிலேயே தொடங்குகிறது. குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, பிறகு பஸ். கடல் கொந்தளித்தால் விசில் ஊத முன்னமே ஆட்டம் போச்சு. கரைப் பள்ளிகள் ஒருமுறை உங்கள் மைதானத்துக்கு வரட்டுமே! வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு மாறி மாறி நடத்தும் வலைப்பந்துக் கிண்ணம் ஒன்று கட்டாயம் வேண்டும். சவால் கடிதத்தை உங்கள் அணியே முதலில் எழுதட்டும்.