கால்மாட்டில் ஓர் இழுப்பு

எங்கள் வீட்டில் படுக்கையறை என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரியவந்தது. 1988இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மருமகள் வருகிறாளே என்று அம்மா நெல் மூட்டையும் கடலைக்காய் மூட்டையும் அடுக்கியிருந்த உள்ளறையைக் காலி பண்ணி, குதிர் ஓரத்தில் கிடந்த சாமான்களை அட்டாலிக்கு ஏற்றிவிட்டு, "இனிமே இது உங்க ரூமு" என்று சொன்ன நாளில்தான் அந்தச் சொல்லே எங்கள் வீட்டு வாசற்படி ஏறியது. அதுவரைக்கும் தூக்கம் வந்த இடந்தான் படுக்கையறை. சித்திரை வைகாசியில் வாசல். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வெள்ளகோவில் செம்மண்ணை வாரிக்கொண்டு வரும் ஆடிக் காற்றுக்கு ஆசாரம் என்கிற கூடம். மார்கழிப் பனிக்கு அடுப்படியை ஒட்டிய மூலை, சாம்பல் சூடு ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் இருக்கும் என்பதால். ஐந்து பேர் ஒரு ஜமக்காளத்தில் படுத்து, விடியும்போது நாலு திசைக்கும் உருண்டு கிடப்போம். அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, மட்டும் பன்னிரண்டு மாசமும் திண்ணையோரக் கயிற்றுக் கட்டில்.

அந்த உள்ளறையையும், பிற்பாடு பிள்ளைகளுக்காகத் தடுத்துக் கட்டிய இன்னொரு அறையையும் இந்தத் தைக்கு முன்னால் புதுப்பித்தோம். நாற்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. மகள் செல்போனில் படம் படமாக அனுப்பினாள். ஒரு சுவருக்கு மட்டும் வேறு நிறமாம், கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகையில் இன்னொரு கூரையாம், அதற்குள் ஒளிந்திருந்து வெளிச்சம் கசியும் விளக்காம். விலை கேட்டதும் இரண்டாவது கூரையை விட்டுவிட்டோம். ஒரு சுவர் வேறு நிறம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பெயிண்ட் அடிக்க வந்த தம்பி, வந்ததும் வராததுமாகத் தகட்டால் சுவரை ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அடியில பூரா சுண்ணாம்பு கெடக்குதுங்க. இது மேல பெயிண்ட் நிக்காதுங்க, ஒரு மழைக்குப் பொரிஞ்சு வந்துரும். எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டுப் பட்டி பாக்கோணும்" என்றார். ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது. "பட்டிய எதுக்குப் பாக்கோணும்? மாடு வித்து இருவது வருசம் ஆச்சே" என்றார். எண்பத்து மூன்று வயது அம்மாவுக்குப் பட்டி என்றால் கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், காங்கயம் மாடு; பெயிண்டருக்குப் பட்டி என்றால் மூட்டையில் வரும் வெள்ளை மாவு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நான் விளக்கம் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுவிட்டு, "அப்பிடியா சாமி, செவுத்துக்கும் பட்டி வந்துருச்சா" என்றார்.

சுரண்ட ஆரம்பித்தபோது நான் போய்ப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேலே இருந்தது சந்தன நிறம். ஊர் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்த 2009ஆம் வருசத்தையொட்டி அடித்தது. அதற்குக் கீழே வெளிர்ப் பச்சை டிஸ்டெம்பர், ஈரோடு மாவட்டத்துக் காலம். அதற்கும் கீழே ரோஸ். கல்யாணத்துக்கு அடித்த ரோஸ். அப்போது நாங்கள் பெரியார் மாவட்டம். என் கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ரோஸைச் சுரண்டினால் வருவது ஊதா கலந்த வெள்ளை, ஏடு ஏடாக, ஒன்றின் மேல் ஒன்றாக, தகட்டின் நுனியில் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுகிறது. அது கோயமுத்தூர் மாவட்டம். 1979வரைக்கும் நாங்கள் அதில்தான் இருந்தோம். வீட்டை ஒரு அடி நகர்த்தாமல் நான்கு மாவட்டப் பெயருக்குள் வாழ்ந்திருக்கிறோம். சுவர் அத்தனையையும் அடுக்கி வைத்திருந்தது. அந்தத் தம்பி தரையில் விரித்திருந்த சாக்கில் நான்கும் கலந்து குப்பையாய்க் குவிந்தபோது, விரலளவு வெள்ளை ஏடு ஒன்றை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்த வெள்ளை எப்படி வந்தது என்பதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை கேட்பதுபோலக் கேட்கிறார்கள். நம்மில் ஐம்பதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது சந்தையிலிருந்து சுட்ட சுண்ணாம்புக்கல் வரும். பழைய மண் தொட்டியில் அதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். கண்ணில் தெறித்துவிடும் என்று எங்களைப் பொடக்காலிப் பக்கம் துரத்திவிடுவார்கள், நாங்கள் வேலிச் சந்து வழியே எட்டிப் பார்ப்போம். ராத்திரி முழுக்க ஊறி அடங்கியதை அப்பாவின் கிழிந்த வேட்டியில் வடிகட்டி, கையில் ஒட்டாமல் இருக்க வடித்த கஞ்சி கொஞ்சம் ஊற்றி, கடைசியில் நீலம். துணிக்குப் போடும் அதே நீலந்தான். எத்தனை சிட்டிகை என்பது அம்மாவின் கைக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஒரு வருசம் என்னிடம் கொடுத்தார், நான் ஆசையில் அள்ளிப் போட்டுவிட, அந்த வருசம் முழுக்க எங்கள் வீடு நெல் வயலில் நிற்கும் நீலக் கொக்கு மாதிரி ஊருக்கே அடையாளமாய் இருந்தது. அம்மா திட்டவில்லை. "மழை வந்தா வெளுத்துரும்" என்று சொல்லிவிட்டார்.

பிரஷ் கடையில் வாங்குவதில்லை. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, நுனியைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் பிரிந்து பிரஷ் ஆகிவிடும். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் அடித்த மாதிரி பழைய அழுக்கு அப்படியே பல்லைக் காட்டும். பத்து வயதில் நான், இத்தனை பாடும் வீண் என்று அழுகிற நிலைக்கு வந்திருக்கிறேன். மத்தியானம் எல்லோரும் அரிசியும் பருப்பும் சாதத்தை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். வேலை நாளில் ஒரே பாத்திரத்தில் முடிகிற சோறு அதுதான், நெய் மட்டும் கொஞ்சம் தாராளமாய் விழும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போனால், கிழக்குச் சுவர் ஒரு மூலையிலிருந்து வெளுக்க ஆரம்பித்திருக்கும். ஈரம் காயக் காய வெள்ளை எழும்பி வரும், விடிவது மாதிரி. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது என்பதைப் பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்தப் பாடம் மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதைத்தான் எங்கள் வீட்டுச் சுவரில் வருசா வருசம் பார்த்துக்கொண்டிருந்தேனே. சாயங்காலம் கீழே ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் காவிப் பட்டை. சாணி வழித்த தரை. காப்புக்கட்டு அன்று கூரைக்கு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சொருகினால் வீடு முடிந்தது. அன்று ராத்திரி அந்தச் சுண்ணாம்பு வாசத்தில் படுத்துக்கொண்டு, புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். விரல் இடுக்கெல்லாம் வெந்து எரியும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்.

இப்போது அடித்திருக்கும் எமல்ஷனுக்கு ஏழு வருசம் உத்தரவாதம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. நல்ல பெயிண்ட், குறை சொல்ல மாட்டேன். கையில் ஒட்டுவதில்லை, பேத்தி கிரேயானால் கிறுக்கியதை ஈரத் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. ஆனால் ஏழு வருசம் என்றால் ஏழு பொங்கல். அந்த ஏழு பொங்கலுக்கும் வீட்டில் யாருக்கும் மட்டை நசுக்கும் வேலை இல்லை, நீலம் கலக்கும் வேலை இல்லை, பீரோவை நகர்த்தி அதன் அடியில் போன வருசம் தொலைந்த சீப்பைக் கண்டெடுக்கும் சந்தோஷம் இல்லை. சுவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

துணிமணி விஷயத்தில் மட்டும் நாங்கள் கொடுத்துவைத்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல வேண்டும். கிழக்கே பஸ் ஏறினால் கரூர். படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் கப்பலேறுகிற ஊர். ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சியதும், ஒரு இழை தப்பியதால் கழிக்கப்பட்டதும் அங்கே கிலோக் கணக்கில் கிடைக்கும். மனைவி தக்காளி பொறுக்குவது போல ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தராசில் வைத்து வாங்கினாள். இரண்டு அறைக்கும் திரைச்சீலை, நான்கு விரிப்பு, தலையணை உறை, எல்லாம் சேர்த்து ஒரு பையில் அடங்கியது. எந்த நாட்டு வீட்டுக்கோ நெய்த சாம்பல் நிறக் கோடு போட்ட விரிப்பு, வெள்ளகோவில் உள்ளறையில் விரிந்து கிடக்கிறது. கோடு ஓரிடத்தில் அரை விரல் விலகியிருக்கும், தேடினால்தான் தெரியும். திரைச்சீலைக்கு ஆடிக் காற்று வந்தால் என்ன கதி என்பது வேறு விஷயம். அப்போது வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியிருக்கும், செம்மண் அப்படி.

எங்கள் கல்யாணத்துக்கு வந்தது சென்னிமலை பெட்ஷீட். அந்தக் காலத்தில் கொங்கு நாட்டில் கல்யாணமான யாரைக் கேட்டாலும் அவர்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் கூட்டுறவாய்க் கட்டி வளர்த்த கைத்தறி ஊர் அது. மலை மேல் முருகனைக் கும்பிட்டு இறங்கினால் கீழே தறிச் சத்தம். முதல் வருசம் தோலில் உரசும், துவைக்கத் துவைக்கப் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றாகும். எங்களுடையது மகளுக்குத் தொட்டில் கட்டி, மகனுக்குக் கட்டி, சோளம் காயப்போட்டு, கடைசியில் கட்டுத்தரையில் கன்றுக்குட்டிக்கு விரித்தோம். அப்பாரு காலத்து பவானி ஜமக்காளம் இன்னும் இருக்கிறது, சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ப் பட்டை பட்டையாக. அகலமான ஜமக்காளம் நெய்ய இரண்டு பேர் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவார்களாம் என்று அப்பாரு சொல்வார். புவிசார் குறியீடு எல்லாம் அதற்குப் பிற்பாடு வந்தது. ஐந்து பேர் உருண்ட அந்த ஜமக்காளத்தை மகள் சுவரில் மாட்டலாம் என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை. "படுக்கறத எதுக்குக் கண்ணு செவுத்துல தொங்கவிடறது" என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மெத்தை வாங்கப் போன இடத்தில்தான் நான் உண்மையாகவே மலைத்து நின்றேன். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்த துண்டை எடுத்து உறையை விலக்கிக் காட்டினார். உள்ளே தேங்காய் நார். பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக, ரப்பர் பால் தெளித்து ஒட்டவைத்து, பலகை மாதிரி அழுத்தியிருக்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் ரப்பர் வாசத்துக்கு அடியில் ஊறிய மட்டை வாசம். காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துத் தோப்புகளில் உரிக்கும் மட்டைதான் நார் மில்லுக்குப் போகிறது. அதில் எது எங்கே போய் மெத்தையாகி எந்த லாரியில் திரும்பி வந்ததோ, எங்கள் ஊர் மட்டையை எங்களிடமே விலைக்கு விற்கிறார்கள் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன். முதுகுக்கு நல்லது.

அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. புது அறையில், புது மெத்தையில், பத்து நிமிஷம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "காத்து வரல சாமி, அடியில அடச்சாப்பல இருக்குது" என்றார். நாற்பதாயிரத்தில் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. அட்டாலியிலிருந்து அப்பாருவின் பூவரசங்கட்டில் சட்டத்தை இறக்கினோம். கயிறு எலி கடித்து எப்போதோ போய்விட்டது, கால் நான்கும் கல் மாதிரி இருந்தன. காங்கயம் ரோட்டுக் கடையில் புதுத் தேங்காய் நார்க் கயிறு வாங்கிவந்து வாசலில் போட்டேன். கட்டில் பின்னிக் கொடுக்கிறவர் யாரென்று விசாரித்ததில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார்.

சரி என்று நானே உட்கார்ந்தேன். அப்பாருக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தவன் என்ற ஒரே தகுதிதான். மூன்று முறை பிரித்தேன். நாலாவது முறை, யோசிக்காமல் பேசிக்கொண்டே பின்னும்போது, விரல் தானாக இரண்டுக்கு மேல் இரண்டுக்குக் கீழ் என்று போய்ச் சாய்சதுரம் ஒன்று விழுந்தது. ஐம்பது வருசமாய் அது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. பேத்தி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசல் முழுக்க ஓடினாள். "அப்புச்சி, இதுக்கு எத்தன வருசம் கேரண்டி?" என்று கேட்டாள். வாரா வாரம் தொய்யும், வாரா வாரம் இழுத்துக் கட்ட வேண்டும் என்றேன். அப்படியானால் வாரா வாரம் நான் வரட்டுமா என்றாள்.

பொழுது சாய்ந்தபோது முடிந்தது. ஜமக்காளத்தை நாலாய் மடித்து விரித்து, அம்மாவைக் கைத்தாங்கலாய்க் கொண்டுவந்து உட்கார வைத்தோம். மெதுவாய்ச் சாய்ந்து படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு பார்த்து, காலை நீட்டிக் குதிகாலால் கயிற்றை ஒரு தட்டுத் தட்டினார்.

"கால்மாட்டுல மட்டும் இன்னொரு இழுப்பு இழு சாமி."