அன்னதானப் பிரபுவுக்கு நாலு வார்த்தை

வாங்க பிரபு, வாங்க. அந்தக் கட்டில்ல சூதானமா உக்காருங்க, ஒரு பக்கம் கயிறு தளந்துருக்கு. பேராண்டியைப் போயி வாங்க போங்கங்குறானே கெழவன்னு பாக்குறியா? மதுரையில பாலத்துக்கடியிலயும் கடைத் திண்ணையிலயும் படுத்துக் கெடக்குற சனத்துக்குச் சோறு போட நீ ஒரு குழு ஆரம்பிச்சுருக்கன்னு உங்கப்பன் சொன்னான். அன்னதானப் பிரபுவைப் போயி நீ வா போன்னு கூப்பிட்டா நாக்கு அழுகிப் போகும்ல. சொந்த அப்பத்தாவுக்கு ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்தறியாத கை இன்னிக்கு ஊருக்கே சோறு போடுதுன்னா சும்மாவா?

குழுவுல பன்னெண்டு பேராம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர்னு ஒம்பது பேரு பொறுப்புல இருக்காகளாம். மிச்சம் மூணு பேரு சோத்தைத் தூக்கவா? நல்ல ஏற்பாடு. சங்கம் பதிய ஏழு பேரு வேணும்னு தமிழ்நாட்டுல 1975-ஆம் வருசத்துச் சட்டம் சொல்லுது. ஏழு பேரு சேந்தா மூணு கோஷ்டி ஆகும்னு அதை எழுதுனவுகளுக்குத் தெரியல, நம்ம பக்கத்து ஆளுக இல்ல போல. பனியன் மஞ்சளா ஊதாவான்னு வாரக்கணக்குல சண்டையாம்ல? என்னையக் கேட்டா சாம்பார்க் கலர்ல எடுத்துருங்க. கறை பட்டாலும் தெரியாது.

அது கெடக்கட்டும். எந்நேரம் சோறு போடப் போறீங்க? ஞாயித்துக்கெழமை மத்தியானம் பன்னெண்டரைக்கு. ஏன்யான்னா, "அன்னிக்குத்தான் தாத்தா எல்லாருக்கும் லீவு"ங்குற. வாஸ்தவம். திங்கக்கெழமை பசிக்கிறவன் கொஞ்சம் ஒத்திவச்சுப் பசிக்கட்டும்.

ஏ கூறு கெட்டவனே, மதுரையில மத்தியானச் சோத்துக்கா பஞ்சம்? கோயில்ல அன்னதானத் திட்டம் 2002-லருந்து நடக்குது. 2013-ல அம்மா உணவகம் வந்துச்சு, காலையில 1 ரூபாய்க்கு இட்லி, மத்தியானம் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம். அமாவாசை அன்னிக்குக் கோயில் வாசல்ல உக்காந்துருக்கவன் மடியைப் பாத்துருக்கியா? தயிர்சாதப் பொட்டலம் அடுக்கி வச்சுருப்பான், திங்க வயிறு இருக்காது. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோரு, புளியோதரை, சக்கரைப் பொங்கலு. சனம் கையெடுத்துக் கும்பிட்டு வேணாங்குது, இவிய்ங்க வெரட்டி வெரட்டிக் குடுக்குறாய்ங்க. நாலு நாள் கழிச்சு ராத்திரி போய்ப் பாரு, அங்கிட்டு ஒரு பயலும் இருக்க மாட்டான்.

பஞ்சம் ராத்திரிதான்யா. எனக்கெப்புடித் தெரியும்னா, நான் முட்டி தேயிற வரைக்கும் தவசுப்பிள்ளையா இருந்தவன். மதுரைக் கல்யாணத்துல பந்தி முடிச்சு, கடைசி பஸ்ஸை விட்டுட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஜல்லிக்கரண்டியத் தலைக்கு வச்சுப் படுத்த ராத்திரி எம்புட்டோ. கடைக்காரன் ஷட்டரை எறக்குன பெறகுதான் திண்ணை நமக்கு. ஒம்பது மணிக்கே போய் நின்னா அங்க ஆள் இருக்காது. பதினொண்ணுக்கு மேல போனா அசந்து தூங்கிட்டு இருப்பாக. தூங்குறவனைத் தட்டி எழுப்பி, "ஐயா, சாம்பார் சாதம்"னு நீட்டாத. விடியுறதுக்கு முன்ன ஒருத்தன் வாசத் தெளிக்க வாளியோட வந்துருவான், அதுக்குள்ள கெடைக்கிற தூக்கம்தான் அவனுக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இருக்கு பாரு, அதைப் புடி.

பொம்பளைக ஒங்க கண்ணுக்கே தட்டுப்பட மாட்டாக. வெளிச்சமான எடமாப் பாத்து, பெரியாஸ்பத்திரி வாசல்ல நோயாளிக்குத் தொணையா வந்தவுக கணக்கா இருப்பாக. மாட்டுத்தாவணியில ஒரு பைய மடியில வச்சுக்கிட்டு, வராத பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருப்பாக. வேசம் இல்லய்யா அது, காவலு. அவுக முன்னாடி போயி, "நீங்க வீடில்லாதவங்களாம்மா"ன்னு சத்தமாக் கேட்டுராத. நாலு தடிப்பய காதுல விழும்.

ஆபுத்திரன் கதை தெரியுமா ஒனக்கு? பட்டிமன்றத்துல கேட்டது. மேடையில பேசுற அம்புட்டும் சமையக்கட்டுக்கு நல்லாக் கேக்கும், பேசுறவுகளுக்குத்தான் சமையக்கட்டுல நடக்குறது தெரியாது. மணிமேகலையில வர்றான் ஆபுத்திரன். நம்ம மதுரையிலதான் இருந்தான். வீடு வாச கெடையாது, அம்பலத்துல ஒரு ஓட்டைத் தலைக்கு வச்சுப் படுக்குறவன். பகலெல்லாம் பிச்சை எடுப்பான், கண்ணு தெரியாதவுக, காது கேக்காதவுக, நடக்க மாட்டாதவுகளக் கூப்பிட்டுப் போடுவான், மிச்சத்தைத் தான் திம்பான். ஒரு மழை ராத்திரி பசியோட ஆளுக வந்து நிக்க, குடுக்க ஒண்ணுமில்லாம இவன் கலங்க, சிந்தாதேவி எறங்கி வந்து அமுதசுரபியைக் குடுத்தா. அள்ள அள்ளக் கொறையாத பாத்திரம். ஒங்க பொருளாளர் கேட்டா ஏங்கிப் போவாரு.

பெறகுதான் வெனை. தேவராசா இந்திரனே வந்து வரம் தர்றேன்னு நின்னான், இவன் அவனைப் பாத்துச் சிரிச்சுட்டான். இந்திரனுக்குக் கோவம். பாண்டிய நாட்டுல மழையா ஊத்தி வெளைய வச்சுட்டான். பசிச்ச ஆளே இல்ல! கையில கொறையாத சோறு, திங்க ஆளில்ல. ஊர் ஊராப் போயி, "சாப்பிட ஆள் உண்டா"ன்னு கேட்டுருக்கான், சனம் நக்கலடிச்சுச்சாம். ஒங்க ஞாயித்துக்கெழமை வண்டி நெனப்புக்கு வந்துச்சு எனக்கு. ஆனா ஒரு வித்தியாசம். அவன் ஆளில்லன்னதும் எங்க பசி இருக்குன்னு விசாரிச்சு, சாவகத்துல பஞ்சம்னு கேட்டுக் கப்பலேறுனான். நீங்க கோரிப்பாளையத்தை விட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பவே பொதுக்குழு கூட்டுவீங்க.

இன்னொண்ணு பாத்தியா? சோறு போட்டவனே திண்ணையில படுத்தவன்தான். ஒங்க பன்னெண்டு பேருல ரோட்டுல படுக்குற ஆளு ஒருத்தராச்சும் உண்டா? இருக்காது. அவரை வச்சுக்கிட்டா நீங்க என்ன கூட்டம் போட முடியும்? எந்த மூலையில புதுசா ஒரு கெழவி வந்துருக்கா, எவனுக்குச் சக்கரை, எவனுக்குப் பல்லு இல்ல, எவன் அந்நிய ஆளு குடுத்தா வாங்க மாட்டான், எல்லாத்தையும் ஒரு டீக்குச் சொல்லிருவாரு. கூட்டம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போகும். முடிஞ்சா அப்பறம் என்ன சங்கம்?

சிக்கன் பிரியாணின்னு தீர்மானம் வேற போட்டுருக்கீங்களாம். காலையிலருந்து டீத்தண்ணியில ஓட்டுன வயிறு, முன்பல்லு நாலும் இல்லாத வாயி. எலும்போட பிரியாணி! படத்துக்கு நல்லாருக்கும். பருப்பைக் கூடப் போட்டுக் கொழைய விட்ட சாம்பார் சாதம், காரம் கம்மியா, ஒரு வாழப்பழம், குடிக்கவும் கை கழுவவும் தண்ணி. இதுல போட்டோவுக்கு ஒண்ணும் தேறாது, எனக்குத் தெரியும். கிலோ அரிசிக்கு எட்டுப் பொட்டலம்னு கணக்கு வச்சுக்க. பத்துன்னு எவனாச்சும் சொன்னா அவன் கை சுருங்குன கை.

காலையில ஆக்கி ராத்திரி போடலாம்னு உன் கூட்டாளி யோசனை சொன்னானாமே, அவன் வீட்டுல முதல்ல அதைத் திங்கச் சொல்லு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சோறு நின்னா கிருமி பெருகும்னு படிச்சவுக சொல்றாக. அரிசியில ஒரு கிருமி இருக்கு, கொதிச்சாலும் சாகாம விதை கணக்காத் தூங்கும். சோறு வெதுவெதுப்பா நிக்கிறப்ப முழிச்சு வெசத்தைக் கக்கும். பெறகு நீ எம்புட்டுச் சூடு காட்டுனாலும் அந்த வெசம் போகாது. பெரிய அண்டாவுல மேலாப்புல ஆறிடும், நடு வயித்துல ரொம்ப நேரம் வெதுவெதுன்னு கெடக்கும். அதனால சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒலை வைய்யி, எறக்குன சூட்டோட கட்டு, அந்தச் சூட்டோடயே கையில குடு. வீடு இருக்கவனுக்கு வயித்தால போச்சுன்னா கக்கூசுக்கு ஓடுவான். அவன் எங்கய்யா ஓடுவான்?

கல்யாண மண்டபத்துக்காரன் ராத்திரி பத்தரைக்குப் போன் போடுவான், "மிச்சம் கெடக்கு, வந்து அள்ளிட்டுப் போங்க"ன்னு. கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைக்கிற புண்ணியவானுக. குப்பை வண்டிக் காசு மிச்சம், புண்ணியமும் வரவு. மிச்சச் சாப்பாட்டை எப்புடி வாங்கணும், எப்புடிக் குடுக்கணும்னு மத்திய சர்க்காரே 2019-ல ஒழுங்குமுறை போட்டுருக்கு. நீ அதைப் படி, எங்கணக்கையும் கேளு: எந்நேரம் எறக்குனதுன்னு தவசுப்பிள்ளைகிட்ட நேரா விசாரி, மொதலாளிகிட்டக் கேக்காத. தேங்கா அரைச்சு ஊத்துனது எதையும் தொடாத. நொரை கட்டுன சாம்பாரைக் கண்டா கும்பிட்டுட்டு வந்துரு. சூடா இருக்குற வெள்ளைச் சோறும் ரசமும் போதும்.

பொட்டலத்தைக் குடுத்துட்டுப் பறந்துராதீங்க. மக்யா நாள் காலையில கடைக்காரன் வந்து திண்ணையில காகிதமும் எலையும் ஈ மொய்க்கக் கெடக்குறதைப் பாத்தா யாரைத் திட்டுவான்? ஒங்க பனியனையா? படுத்துக் கெடந்தவனைத்தான் வெரட்டுவான், அன்னிக்கு ராத்திரி திண்ணை பூராத் தண்ணி ஊத்தி வச்சுருவான். ஒரு வேளைச் சோத்தைப் போட்டு ஒருத்தன் படுக்குற எடத்தைப் பறிக்கிற வித்தை நம்ம ஆளுகளுக்குத்தான் வரும். ஒரு சாக்கைக் கொண்டு போ. பொறுக்கிட்டு வா.

போட்டோ எடுங்க, நான் வேணாங்கல. ஒங்களை ஒருத்தரை ஒருத்தர் எடுத்துக்கங்க. சோறு வாங்குறவுகளுக்கு ஊருல மக இருப்பா, சம்பந்தகாரர் இருப்பாரு.

சோத்தோட முடிஞ்சு போகாதுய்யா, படுக்க எடமும் வேணும்ல. 2010-ல உச்ச நீதிமன்றம் சொன்னது தெரியுமா? பட்டணத்துல லட்சம் பேருக்கு ஒண்ணுன்னு, ராவும் பகலும் தொறந்துருக்குற தங்குமிடம் வேணும்னு. 2011 கணக்குலயே மதுரை 10 லட்சத்தைத் தாண்டிருச்சு. படிச்ச புள்ள, வகுத்துப் பாரு எத்தன வரணும்னு. இருக்குறது எத்தனன்னு மாநகராட்சியில போய்க் கேளு. முதியோர் பென்சனை 2023-ல மாசம் 1,200 ரூபாயாக்குனாக. விலாசமே இல்லாத கெழவனுக்கு அதை வாங்கித் தரணும்னா ஆதாருக்கு அலையணும், தாலுகா ஆபீஸ் வரிசையில நிக்கணும், "சார் இல்ல, நாளைக்கு வா"ம்பாய்ங்க, திரும்பப் போகணும். பிரியாணிக்கு வந்த பன்னெண்டு பேருல இதுக்கு எத்தன பேரு வர்றாய்ங்கன்னு எண்ணிச் சொல்லு.

காசு விசயம். ஆத்துல போட்டாலும் அளந்து போடு. பேங்குல வேலை பாக்குறான்னு எவனையோ பொருளாளரா வச்சுருக்க. அவனை மாத்திட்டு நம்ம பக்கம் மொய் எழுதுற ஆளு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போ. எவன் வீட்டு விசேசத்துல எவன் அம்பத்தொண்ணு எழுதுனான்னு தலைமொறைக்கும் நோட்டு வச்சுருக்குற ஆளுக. நூறு ரூபா குடுத்தவன் பேரையும் ஒரு கட்டுக் கறிவேப்பில குடுத்தவ பேரையும் அடுத்தடுத்த வரியில எழுதுவாக. அது இருந்தா சண்டை பாதியாக் கொறையும். மீதிப் பாதி இல்லாட்டி ஒங்களுக்குப் பொழுது போகாது.

வடலூர்ல வள்ளலார் 1867-ல மூட்டுன அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது. ஒங்க அடுப்பு ஆடி முடியுற வரைக்கும் எரியுமான்னு உங்கப்பனும் நானும் பந்தயம் கட்டிருக்கோம். நான் எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். வாரத்துல ரெண்டு ராத்திரி, அம்பது பொட்டலம், விட்டுப் போகாம. ஐநூறுன்னு ஆரம்பிச்சு ரெண்டாம் வாரம் வராமப் போனா, ஒங்களை நம்பி வேற எடத்துக்குப் போகாம உக்காந்துருந்தவன் அன்னிக்குப் பட்டினி.

அண்டாதான கேட்டு வந்த? தர்றேன். பரண்ல ரெண்டு கெடக்கு, தேக்சாவும் இருக்கு. பரிமாற ஆளு தேடவே வேணாம், முட்டிக்கிட்டு வருவாய்ங்க. ராத்திரி பன்னெண்டுக்கு அடிப்புடிச்சதைச் சுரண்டுறப்பதான் ஒருத்தனுக்கு மறுநாள் பரீச்சை வரும், ஒருத்தன் அப்பாவுக்கு முடியாமப் போகும். அதனால இப்பவே ஒண்ணை எறக்கு. கொல்லையில சாம்பலு இருக்கு, தேங்கா நாரும் இருக்கு. ஒரு கை வெளக்கிக் காட்டிட்டுப் பெறகு எடுத்துட்டுப் போ.

என்னய்யா, அதுக்குள்ள போன் வந்துருச்சா?