ஹார்ட் டிஸ்க்கின் அந்திமக் காலம்: ஒலியியல் நோக்கில் ஓர் ஆய்வு

வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நோயால் சாவதைவிட வைத்தியத்தால் சாவதே அதிகம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். மேசைக்கு அடியில் தூசி அப்பி நிற்கும் கேபினெட்டும் அதற்குள் சுழலும் மூன்றரை அங்குல டிஸ்க்கும் ஆய்வின் எல்லை. எஸ்எஸ்டி என்பது மூச்சுக்காட்டாமல் போய்ச் சேரும் ரகம். ஒலியியலுக்கு உதவாது என்பதால் விலக்கப்பட்டது.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள்; கொள்ளளவு இன்றைய கணக்கில் சுமார் 3.75 எம்பி. இன்றைய செல்ஃபோன் ஃபோட்டோ ஒன்றிரண்டுக்கே நிரம்பிவிடும். அலமாரி அளவிருந்த அந்த இயந்திரத்தின் தலையில் நாலு தட்டுத் தட்ட யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. டிஸ்க் உள்ளங்கைக்குள் அடங்கிய பிறகுதான் மனிதன் கையை ஓங்கினான்.

உள்ளே நடப்பது இது. கண்ணாடிபோல் மின்னும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. அதன்மேல் ஹெட் எனப்படும் படிமுனை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைப்போலப் பல ஆயிரம் மடங்கு. இந்த இடைவெளியை நம்பித்தான் அக்கா கல்யாண வீடியோவும், பத்திரத்தின் ஸ்கேனும், ‘நியூ ஃபோல்டர் 4’ என்ற பெயரில் பத்து வருஷத்து ஃபோட்டோக்களும் கிடக்கின்றன.

இனி ஒலிகள். கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் பயப்பட ஏதுமில்லை. ஹெட் தன் இடத்துக்குப் போய் ஒதுங்குகிறது. அதுவே சீராக இடைவெளி விட்டு ‘டக்... டக்... டக்’ என வந்தால், தட்டில் தான் இருக்கும் இடத்தை அறியும் குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை; தோற்றுத் திரும்பி வந்து மறுபடி முயல்கிறது. இது இரட்டைக்கிளவியா அடுக்குத்தொடரா என்பதில் ஆய்வுலகில் கருத்து வேற்றுமை உண்டாகலாம். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. இங்கே தனி ‘டக்’குக்குப் பொருள் உண்டு. ஆகவே அடுக்குத்தொடர் என்போம். ஆனால் அடுக்குக்கு நான்கு என்று நன்னூல் எல்லை கட்டியிருக்க, இந்த டிஸ்க் நாற்பதைத் தாண்டியும் நிற்காது. இலக்கணம் மீறிய சத்தம் கேட்டதும் கரண்டை நிறுத்திவிட வேண்டும்.

‘கிர்ர்ர்’ என்ற இழுவை தட்டைச் சுழற்றும் பேரிங் தேய்ந்ததைச் சொல்லலாம். தட்டு சுழலாமல் ‘ங்ங்ங்’ என்ற முனகல் மட்டும் வந்தால், ஹெட் தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பவர் போதாமலும் இருக்கலாம். பேரமைதி நிலவினால் முதலில் பவர் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைச் சுவரோடு தள்ளிக் கூட்டிப் பெருக்கிய மறுநாள் தோன்றும் நோய்களில் பாதி அந்த ஒயரில்தான் இருக்கும்.

வீட்டு வைத்திய மரபுகளுள் மூத்தது தட்டல் மரபு. இதன் ஆசான் தாத்தா. பழைய டிவியில் உள்ளே விட்டிருந்த ஒட்டு, தட்டினால் சேர்ந்துகொண்டது, படமும் வந்தது. அந்த அனுபவத்தை நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட்டின்மீது பிரயோகித்தால் ஹெட் தட்டில் மோதும். அடுத்தது வைரஸ் மரபு. எதற்கெடுத்தாலும் “வைரஸ்தான் மாமா, ஒரு ஃபுல் ஸ்கேன் போடுங்க” என்பார் தூரத்து உறவுத் தம்பி ஒருவர். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் போய், உன்னிடம் உள்ள அத்தனை ஃபைலையும் ஒரு வரி விடாமல் ஒப்பி என்று உத்தரவிடுவதே ஃபுல் ஸ்கேன். செக்டிஸ்க் மரபினர் இன்னும் ஒரு படி மேல்: விண்டோஸின் அந்தக் கருவி, திருத்தச் சொன்னால், படிப்பதோடு நிற்காமல், கிடைத்ததை வைத்து ஃபைல் கணக்கைத் திருத்தி அதே நோயாளி உடம்பில் எழுதியும் வைக்கும். நல்ல டிஸ்க்கில் அது மருந்து. இங்கே கதை வேறு.

ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பாரும் உளர். இதைக் கேலி செய்யுமுன் ஒரு வார்த்தை: பழைய டிஸ்க்குகளில், குளிரில் சுருங்கி ஒட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஓடியதும் உண்டு. ஆனால் பட்டாணிப் பாக்கெட்டுக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே கிடந்ததை எடுத்து நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலுக்கு வேர்ப்பதுபோல் அதற்கும் வேர்க்கும். பெரும்பாலான டிஸ்க்குகள் காற்றுப் புகாதவை அல்ல. வடிகட்டியோடு ஒரு சிறு துளை இருக்கும்.

போர்டு மாற்று மரபினர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அதே மாடலில் பழைய டிஸ்க் வாங்கி அதன் சர்க்யூட் போர்டைப் பொருத்துவார்கள். ஒரு காலத்தில் இது பலித்தது. பிற்காலத்து டிஸ்க்குகளில் அந்தந்த ஹெட்டுக்கும் தட்டுக்கும் உரிய அளவீடுகளை ஃபாக்டரியிலேயே போர்டின் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். சிப்பையும் பிரித்து மாற்றாவிட்டால், போர்டு புதிது, புத்தி அடுத்த வீட்டுடையது. தெருமுனைச் சர்வீஸ்காரரின் மரபு ஒரே வாக்கியத்தில் அடங்கும்: “ஃபார்மேட் போட்டுரலாமா சார்?” இதற்கு எழுதப்பட வேண்டிய உரை, ‘வேண்டாம்’ என்பது மட்டுமே.

காதால் மட்டும் நோயறிதல் போதாது. ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனைக் குறிப்பேட்டை டிஸ்க்கே எழுதி வருகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, முயன்றும் தேறாதவை. இவை பூஜ்ஜியமாக இருப்பதே அழகு. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் விடைபெறத் தொடங்கிவிட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்த வீட்டில் கரண்ட் கட்டாகும்போது எழுதிக்கொண்டிருந்த செக்டர் அரைகுறையாகி, 197இல் ஒன்றிரண்டு தோன்றுவதும் உண்டு. அது மறுபடி எழுதும்போது மறைந்துவிடலாம். 199 மட்டும் ஏறினால் பழி டிஸ்க்குடையது அல்ல, பெரும்பாலும் சாட்டா கேபிளுடையது. கேபிளை மாற்றினால் நோயாளி எழுந்து உட்காருவார். இன்னொன்று: மேற்படி மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்றிருந்தால் 16 என்று கொள்க.

குறிப்பேடு சுத்தமாயிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. மெய்யான ஆய்வுகளும் சில சமயம் போலி ஆய்வாளனின் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஆகவே சிகிச்சை டிஸ்க்குக்கு அல்ல, உள்ளிருக்கும் தகவலுக்கு. விண்டோஸை அந்த டிஸ்க்கிலிருந்து ஓடவிடாமல் நிறுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு முழுப் பிரதி எடுங்கள். லினக்ஸில் இதற்கென்றே உள்ள ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ, நன்றாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். செக்டிஸ்க் போட ஆசை தீரவில்லை என்றால் பிரதியில் போடுங்கள். ‘டக் டக்’ கேட்ட டிஸ்க்குக்கு இதுவும் ஆகாது. தூசியற்ற அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு ஆய்வகம் ஒன்றுதான் வழி. அவர்கள் கேட்கும் தொகை டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு. எக்காரணம் கொண்டும் வீட்டு ஹாலில் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறக்காதீர்கள். தகவல் வெளியே வந்தபின் ஃபார்மேட் போட்டு அதே டிஸ்க்கில் பையனின் புராஜெக்டை வைக்கவும் வேண்டாம்.

“எங்க வீட்ல பேக்கப் இருக்கே, எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டிருக்கேன்” என்ற வாதத்தை மறுத்து இவ்வாய்வை முடிக்கலாம். சி வேறு, டி வேறு என்பது துவைதம். ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் பெயர் வைத்த வீட்டில் நிலவுவது அத்வைதம். சி போகும்போது பெரும்பாலும் டியும் உடன்கட்டை ஏறும். இந்த மாதச் சம்பளத்தில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். காப்பி எடுத்ததும் ஒயரைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.